கீழ்க் கோர்ட்டில் தோற்ற சிவில் வழக்கு: மேல்முறையீட்டுக்கு வக்கீல் பிடிப்பது எப்படி?

எங்கள் குடும்பத்து நிலத் தகராறு முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சார்பு நீதிமன்றம் வழியாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிற்று. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டவற்றை, முதன்முறையாக மேல்முறையீட்டை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டின் சிவில் வழக்குகளுக்கு மட்டும் பொருந்தும். கிரிமினல் மேல்முறையீட்டுக்குக் கெடுவும் நடைமுறையும் வேறு.

1. வக்கீலைத் தேடும் முன் நகலுக்கு மனுப் போடுங்கள்

தீர்ப்பு பாதகமாக வந்த அன்று எல்லோரும் முதலில் கேட்பது "நல்ல வக்கீல் யார்?" என்பதைத்தான். அன்றோ மறுநாளோ செய்ய வேண்டிய வேலை அதுவல்ல. தீர்ப்புரை (நீதிபதி காரணங்களோடு எழுதியது), தீர்ப்பாணை (முடிவை மட்டும் சொல்வது) ஆகிய இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு, தீர்ப்பு வந்த கோர்ட்டின் நகல் பிரிவில் மனுக் கொடுப்பதே முதல் வேலை. உங்கள் பழைய வக்கீலின் குமாஸ்தாவே இதைச் செய்துவிடுவார். புது வக்கீலை முடிவு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதில் அவசரம் காட்டக் காரணம் உண்டு. மேல்முறையீட்டுக்கான கெடு தீர்ப்புத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. நகல் தயாராவதற்குப் பிடித்த நாட்களைக் கெடுச் சட்டத்தின் (Limitation Act) 12ஆம் பிரிவு கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. ஆனால் நீங்கள் மனுக் கொடுத்த நாளிலிருந்துதான் கழிக்கும். அதற்கு முன் வீணான நாட்கள் உங்கள் தலையில்தான் விழும்.

நகலில் ஒரு முத்திரைக் குறிப்பு இருக்கும். மனுக் கொடுத்த தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, முத்திரைத்தாள் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, நகல் வழங்கிய தேதி என்று அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள். மேல்முறையீட்டுக் கோர்ட் அலுவலகம் இந்தத் தேதிகளை வைத்தே கெடுவைக் கணக்கிடுகிறது. முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நீங்கள் கட்டத் தாமதித்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழிவுக்கு வராது.

எடுத்துக்காட்டாக, ஜூன் 3 அன்று தீர்ப்பு, ஜூன் 10 அன்று நகல் மனு, ஜூலை 1 அன்று நகல் தயார் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கெடு என்றால் வழக்கமாக ஜூலை 3 அன்று முடிந்திருக்கும். நகலுக்குப் பிடித்த 22 நாட்களைச் சேர்த்தால் அது ஜூலை 25 வரை நீளும். ஆனால் அந்த நகலை நீங்கள் ஜூலை 20 அன்று சாவகாசமாக வாங்கினால், புது வக்கீல் வழக்குக் கட்டைப் படித்து மேல்முறையீட்டை எழுத ஐந்தே நாட்கள்தான் மிஞ்சும். அப்படி வருகிறவரைப் பார்த்தாலே நல்ல வக்கீல்கள் தயங்குவார்கள்.

2. எந்தக் கோர்ட், எத்தனை நாள் என்பதை முடிவு செய்யுங்கள்

முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு எதிரான முதல் மேல்முறையீடு பொதுவாகச் சார்பு நீதிமன்றத்துக்குப் போகும். சார்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றால், வழக்கின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகும். மாவட்ட நீதிமன்றம் அசல் வழக்காக விசாரித்துச் சொன்ன தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றம். வழக்குரையில் "தாவா மதிப்பு" என்று ஒரு பத்தி இருக்கும். எந்தக் கோர்ட் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கெடு, மாவட்ட அளவிலான கோர்ட்டுகளுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்கு உயர் நீதிமன்றத்தில் 90 நாள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்கு மாநில ஆணையத்தில் 45 நாள். குடும்ப நல நீதிமன்ற வழக்கு என்றால் 30 நாள் என்றே மனத்தில் வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

கெடு தவறினால் எல்லாம் முடிந்துவிடாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி, கெடுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீட்டோடு சேர்த்து மனுப் போடலாம். ஆனால் அந்த மனுவுக்கே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், பதிலுரை வந்து, விசாரணை நடந்து, அதன் பிறகுதான் மேல்முறையீட்டுக்கு நம்பர் விழும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது; அதற்குத் தனி பீஸும் உண்டு.

உயர் நீதிமன்றம் என்றால் சென்னையா மதுரையா என்பதையும் பாருங்கள். 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லைக்குள் மதுரை, திண்டுக்கல், தேனி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்கள் வருகின்றன. தஞ்சாவூர் மதுரைக்குப் போகிறது என்பதால் பக்கத்திலுள்ள திருவாரூரும் நாகப்பட்டினமும் அப்படியே என்று நினைத்துவிட வேண்டாம். அவை சென்னைக்குத்தான் போகின்றன. எல்லை தெரிந்த பிறகு வக்கீலை அந்த ஊரிலேயே தேடுவது நல்லது. சென்னையில் இருப்பவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரை வந்து போவார் என்று எதிர்பார்க்க முடியாது. வந்தால் அந்தச் செலவு உங்களுடையது.

3. முதல் மேல்முறையீட்டுக்கே நல்ல வக்கீலை வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பல குடும்பங்களில் முதல் மேல்முறையீட்டை ஒரு சடங்காக நினைத்து, பழைய வக்கீலிடமோ அவருடைய ஜூனியரிடமோ விட்டுவிடுகிறார்கள்; அதிலும் தோற்ற பிறகு, நிலத்தை விற்றாவது உயர் நீதிமன்றத்துக்குப் பெரிய வக்கீலைத் தேடுகிறார்கள். சட்டத்தின் அமைப்போ இதற்கு நேர் எதிரானது. சாட்சி சொன்னது உண்மையா, பத்திரம் செல்லுமா, நிலம் யார் அனுபவத்தில் இருந்தது என்பன போன்ற சங்கதிகளை முழுதாக மறுபடி எடைபோடும் அதிகாரம் முதல் மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்குத்தான் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டில், முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று எழுகிறது என்று நீதிபதியை நம்பச் செய்தால்தான் வழக்கை அனுமதிக்கவே செய்வார்கள். இல்லையென்றால் அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடி. எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும், இரண்டு கோர்ட்டுகள் ஒரே மாதிரி முடிவு செய்த சங்கதியை அங்கே புரட்டிப்போடுவது அபூர்வம்.

விசாரணையை நடத்திய வக்கீலையே வைத்துக்கொள்ளலாமா? கட்டு அவருக்கு மனப்பாடம் என்பது அவரிடம் உள்ள பெரிய வசதி, பீஸும் குறையலாம். ஆனால் விசாரணையில் விடுபட்டவை அவர் கண்ணில் படுவது கடினம். பட்டாலும் அதை எழுத்தில் வைக்க மனம் வராது. தீர்ப்பைப் புதிதாக ஒருவர் படிப்பதே நல்லது என்பது என் கருத்து. பழைய வக்கீலைப் பகைத்துக்கொள்ளாமல், "மேல்முறையீட்டுக்கு வேறொருவரையும் பார்க்கிறோம், ஐயா" என்று நேரில் சொல்லிவிடுங்கள். அவருடைய உதவி உங்களுக்கு இன்னும் தேவைப்படும்.

4. கட்டைத் திரட்டுங்கள்

வெறுங்கையோடு போய்க் கதை சொன்னால் எந்த வக்கீலாலும் கருத்துச் சொல்ல முடியாது. கீழ்க்கண்டவற்றை இரண்டு படிகள் எடுத்து, பக்க எண் போட்டு, ஒரே கட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

- தீர்ப்புரை, தீர்ப்பாணை (சான்றிட்ட நகல் வரும்வரை இணையத்தில் இறக்கிய படி போதும், தாக்கல் செய்ய அது உதவாது)
- வழக்குரை, எதிருரை, இடைக்கால மனுக்கள், அவற்றின் உத்தரவுகள்
- இரு தரப்புச் சாட்சிகளின் வாக்குமூலமும் குறுக்கு விசாரணையும்
- குறியிடப்பட்ட சான்றாவணங்கள், கோர்ட் நியமித்த ஆணையரின் அறிக்கை இருந்தால் அதுவும் வரைபடமும்
- வழக்கின் சி.என்.ஆர். எண் (இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்குக்கு உள்ள தனி அடையாள எண்)
- தரப்பினர் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்

கடைசியில் உள்ளதை அலட்சியம் செய்யாதீர்கள். இறந்துபோன பெரியப்பாவின் பெயரிலேயே மேல்முறையீடு போடப்பட்டு, பிறகு வாரிசுகளைச் சேர்க்கும் மனுக்களிலேயே காலம் ஓடுவது வழக்கமாக நடக்கிறது. அதேபோல, கூடப்பிறந்தவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால், அவரையும் எதிர் மேல்முறையீட்டாளராக, அதாவது எதிர்த்தரப்பில் ஒருவராக, சேர்க்க வேண்டியிருக்கும். இதை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய வக்கீல் பாக்கி பீஸைச் சொல்லிக் கட்டைத் தர மறுத்தால், அவருக்கு அந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம். கட்டைப் பிடித்துவைக்க முடியாது. ஆனால் இதை வைத்துச் சண்டை போடுவதில் பயன் குறைவு. நியாயமான பாக்கி என்றால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கோர்ட்டிலிருந்து நகல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது கௌரவம் பார்ப்பது நமக்குத்தான் நட்டம்.

அசல் பத்திரங்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். படியைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எங்கே தேடுவது?

வக்கீல்கள் விளம்பரம் செய்வதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. ஆகவே தானாகப் போன் செய்து "உங்கள் கேஸை நான் ஜெயித்துத் தருகிறேன்" என்பவரையும், கோர்ட் வாசலில் நின்று அழைத்துப்போகும் இடைத்தரகரையும் ஒதுக்கிவிடுங்கள்.

உருப்படியான வழி ஒன்று உண்டு. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் செயலியிலும் வழக்கின் நிலையை வக்கீலின் பெயரை வைத்தோ பதிவு எண்ணை வைத்தோ தேடலாம். யாராவது ஒருவரைப் பரிந்துரைத்தால் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற அசல் வழக்கு மேல்முறையீடுகளை நடத்துகிறாரா, பெரும்பாலும் ஜாமீன் மனுக்களா, வாகன விபத்து வழக்குகளா என்பது தெரிந்துவிடும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால் பதிவு எண்ணே நம்பகமானது. தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு எண்ணும் ஆண்டும் சேர்ந்த பதிவு இருக்கும். அதை நேரில் கேட்பதில் தவறில்லை.

உங்கள் ஊர் வக்கீலே உயர் நீதிமன்றத்தில் தமக்குத் தெரிந்த ஒருவரைக் கைகாட்டுவார். பெரும்பாலும் அது நல்ல வழிதான். கட்டு எளிதாகக் கைமாறும். ஆனால் பேச்சும் பணமும் அவர் வழியாகவே போக வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாதாடப் போகிறவரை ஒரு முறையாவது நேரில் பாருங்கள்.

"சீனியர் அட்வகேட்" என்று பட்டம் பெற்றவர்கள் வக்காலத்து (கட்சிக்காரர் வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவம்) தாக்கல் செய்ய முடியாது; வேறொரு வக்கீல் வழியாகத்தான் ஆஜராவார்கள். அப்படி ஒருவரை வைத்தால் இரண்டு பீஸ் என்று கணக்குப் போடுங்கள். சாதாரணப் பாகப்பிரிவினை வழக்குக்கு அது தேவையே இல்லை.

6. முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

கட்டைக் கொடுத்து, படிக்கச் சில நாட்கள் அவகாசம் தந்து, அதற்கான ஆலோசனைக் கட்டணத்தையும் கொடுத்துவிட்டுத் திரும்ப வாருங்கள். அந்தப் பணம் வீண் போகாது. பிறகு கேளுங்கள்: தீர்ப்பில் எந்த எழுவினாவில் (கோர்ட் தீர்மானிக்க எடுத்துக்கொண்ட கேள்வியில்) நாம் தோற்றோம்? அந்த முடிவு எந்தச் சாட்சியத்தின் மேல் நிற்கிறது? அதை அசைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கட்டை உண்மையாகப் படித்தவர் "மூன்றாவது எழுவினாவில், உங்கள் அப்பா குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்ட அந்த ஒரு வரிதான் தொந்தரவு" என்கிற மாதிரி பதில் சொல்வார். படிக்காதவர் நீதிபதியைத் திட்டுவார்.

"அப்பீல் போடுவதில் பலன் இல்லை, சமாதானம் பேசுங்கள்" என்று ஒருவர் சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு இன்னொருவரிடம் கேளுங்கள். இரண்டு பேர் அதையே சொன்னால் யோசியுங்கள்.

கீழ்க் கோர்ட்டில் காட்டாத ஆவணம் கையில் இருந்தால் அதையும் இப்போதே காட்டுங்கள். மேல்முறையீட்டில் புதிய சான்றுகளை எளிதில் ஏற்க மாட்டார்கள். உரிய அக்கறை எடுத்தும் அப்போது தாக்கல் செய்ய முடியவில்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டித் தனி மனுப் போட வேண்டும்.

7. பீஸும் மற்றச் செலவுகளும்

வக்கீல் பீஸுக்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. மொத்தத் தொகையைப் பேசி முடிப்பதைவிட, தாக்கல் செய்து நம்பர் வாங்கும் வரை, தடையாணை மனு, அனுமதி விசாரணை, இறுதி வாதம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் பேசுவது நல்லது. மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கக்கூடும் என்பதால், இறுதி வாதத்துக்கான தொகையை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாட்ஸாப் செய்தியாக இருந்தாலும் சரி. பணத்தை வங்கி வழியாகவோ யூ.பி.ஐ. வழியாகவோ அனுப்புங்கள்.

"ஜெயித்தால் நிலத்தில் ஒரு பங்கு கொடுங்கள்" என்ற பேரத்துக்கு இணங்காதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் வாங்குவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் வக்கீல்களின் நடத்தை விதிகளுக்கே முரணானவை.

நீதிமன்றக் கட்டணம் தனி. மதிப்பின்மேல் விதிக்கும் கட்டணம் தமிழ்நாட்டில் 2017இல் 7.5 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைந்தது. 10 லட்ச ரூபாய்ப் பண வழக்குக்கு 30,000 ரூபாய். மேல்முறையீட்டில், நீங்கள் எதிர்க்கும் பகுதி எவ்வளவோ அதற்கு அசல் வழக்கைப் போலவே கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் வழக்கில் எவ்வளவு ஆகும் என்பதை ஓரளவு ஊகிக்க, தீர்ப்பாணையின் இறுதியில் உள்ள செலவுத்தொகைப் பட்டியலைப் பாருங்கள். வழக்குரைக்குக் கட்டிய முத்திரைக் கட்டணம் அங்கே முதல் வரிகளில் இருக்கும். வக்கீல் சொல்லும் தொகை அதிலிருந்து வெகுவாக விலகினால் காரணம் கேளுங்கள். கட்டிய ரசீதின் படியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உயர் நீதிமன்றம் என்றால் தட்டச்சுச் செலவும், தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் செலவும் சேரும். குறுக்கு விசாரணை நீளமாக இருந்தால் இது சின்னத் தொகையாக இருக்காது. பீஸில் இதுவும் அடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பின்னால் வரும் மனவருத்தங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

8. வக்காலத்து

வக்காலத்துப் படிவத்தில் வழக்கு எண்ணுக்கான இடம் காலியாக இருப்பது இயல்பு. இன்னும் நம்பர் விழவில்லை அல்லவா. கோர்ட்டின் பெயரும் தரப்பினர் பெயரும் எழுதியிருக்க வேண்டும். சமரசம் செய்துகொள்ளவும், கோர்ட்டிலிருந்து பணம் பெறவும் வக்கீலுக்கு அதிகாரம் தரும் வரிகள் அச்சுப் படிவங்களில் இருப்பதுண்டு. உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தரப்பினருக்கு அதிகாரப் பத்திரம் வேண்டியிருக்கும். அதற்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால் நகல் மனுப் போட்ட கையோடு அந்த வேலையையும் தொடங்குங்கள்.

9. "போட்டாச்சு" என்றால் என்ன என்று கேளுங்கள்

மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தவுடன் கிடைப்பது எஸ்.ஆர். நம்பர் என்ற தற்காலிக எண் மட்டுமே. அலுவலகம் கட்டைச் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்பும். அதை "ரிட்டர்ன்" என்பார்கள். குறையைச் சரிசெய்து, குறித்த நாட்களுக்குள் மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அதற்கும் ஒரு தாமத மன்னிப்பு மனு. "அப்பீல் போட்டாச்சு" என்ற பதிலை நம்பி ஊரில் நிம்மதியாக இருந்தவர்களின் கட்டு, திருப்பப்பட்ட நிலையில் வக்கீல் அலுவலக அலமாரியிலேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே முதலில் எஸ்.ஆர். நம்பரைக் கேளுங்கள், பிறகு நிலையான நம்பர் விழுந்ததா என்று கேளுங்கள், அது விழுந்ததும் இணையத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மேல்முறையீடு தாக்கலாகிவிட்டது என்பதாலேயே தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டதாக ஆகாது. தடையாணை வாங்காதவரை எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுப் போடலாம். அமீனா வீட்டு வாசலுக்கு வரலாம். தடையாணை மனுவை மேல்முறையீட்டோடு சேர்த்தே தயாரிக்கச் சொல்லுங்கள். பணம் செலுத்தச் சொன்ன தீர்ப்பு என்றால், ஒரு பகுதியைக் கட்டவோ பிணை தரவோ கோர்ட் சொல்லும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் தடை நீங்கிவிடும் என்பதால், அந்தத் தொகையை இப்போதிருந்தே புரட்டி வைக்க வேண்டும்.

10. பீஸ் கொடுக்க முடியாதவர்கள்

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவசமாக வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், உயர் நீதிமன்றத்துக்கு அங்குள்ள சட்டப்பணிகள் குழுவிலும் மனுக் கொடுக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. வழக்கு நிலத்தைப் பற்றியது, மனுதாரர் அம்மாவோ அக்காவோ என்றால், வசதியான குடும்பமாக இருந்தாலும் அவர் பெயரில் இதைக் கேட்க உரிமை உண்டு. நியமிக்கப்படும் வக்கீலிடமும் மேலே சொன்ன கேள்விகளையே கேளுங்கள். பொருந்தவில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு மனுக் கொடுக்கலாம்.

11. கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தவர்களுக்கு

உங்களுக்கும் வேலை இருக்கிறது. எதிர்த்தரப்பு உங்களுக்குத் தெரியாமல் தடையாணை வாங்கிவிடாதிருக்க, மேல்முறையீடு வரக்கூடிய கோர்ட்டில் கேவியட் மனுப் போட்டு வையுங்கள். அது 90 நாட்களுக்குத்தான் செல்லும். முடிந்தால் மறுபடி போட வேண்டும். தீர்ப்பில் ஒரு பகுதி உங்களுக்கும் எதிராக இருந்தால், மேல்முறையீட்டு நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் குறுக்கு மறுப்புரை தாக்கல் செய்யலாம். ஆகவே நோட்டீஸ் கையெழுத்திட்டு வாங்கிய தேதியை உறையின் மேலேயே எழுதி, அதை அப்படியே வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.